சேகரனின் ஆள்காட்டி விரல்

புலாவ் செபாங்கில் சேகரனிடம் முடி வெட்டிக்கொள்ளாத ஆண் என்று யாராவது இருந்தால், ஒன்று அவர் வழுக்கையாக இருப்பார், இல்லை ஊருக்குப் புதிதாக வந்தவராக இருப்பார். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அவர் கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வாடிக்கையாளர் உட்காருவார். மற்றொன்றில் எந்நேரமும் ஒரு பொம்மை விமானத்தின் பாகம் ஏதாவது உட்கார்ந்திருக்கும். ஒரு வாரம் இறக்கை, மறு வாரம் வால். அந்த நாற்காலி காலியா என்று புதியவர்கள் கேட்பார்கள். பழகியவர்கள் கேட்பதில்லை.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது 1991இல். விமான நிலையத்தில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர், பொம்மை விமானப் படங்கள் நிறைந்த ஒரு பத்திரிகையைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் சேகரன் அதை அட்டை கிழியும் அளவுக்குப் புரட்டிவிட்டார். அடுத்த தீபாவளிக்கு மனைவி சாந்தி புதுச் சட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, கோலாலம்பூர் வரை போய் ஒரு எஞ்சினை எடுத்துக்கொண்டு வந்தார். தீபாவளிக்குப் பழைய சட்டைதான். சாந்தி அதை இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

எஞ்சின் கைமுட்டி அளவுதான் இருக்கும். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த திரவத்தைக் குடித்து ஓடும். சாவி கிடையாது. தலையில் இருக்கும் பிளக்கில் பேட்டரி கிளிப்பை மாட்டி, முன்னால் இருக்கும் மரப் புரொப்பெல்லரை விரலால் சுண்ட வேண்டும். பற்றிக்கொண்டால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று. அந்த வேகத்தில் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. காற்றுதான் இருக்கிறது என்று நினைத்து யாரும் கையை நீட்டிவிடலாம்.

சேகரனுக்குக் கூரான பொருள் புதிதல்ல. இருபது வருஷமாக அடுத்தவர் தொண்டையில் கத்தி வைத்துச் சம்பாதித்தவர். ஒருவர் கழுத்திலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தத் தொழிலின் முதல் பாடம் சவரம் செய்வதல்ல. கை தவறிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாதே, கையையும் காலையும் இழுத்துக்கொள் என்பதுதான். அவர் கத்தி எத்தனையோ தடவை நழுவியிருக்கிறது. ஒரு தடவைகூட அவர் கை அதன் பின்னால் போனதில்லை.

ஆனால் இதே கத்திப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது. புதிய புரொப்பெல்லரைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அதன் விளிம்பு மொண்ணையாகத் தெரிந்தது. மொண்ணையாக இருந்தால் காற்றை எப்படி வெட்டும்? கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நைசான உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். திருப்தி வரவில்லை. மறுபடி தேய்த்தார். ஒரு முடிவெட்டுக்காரரைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் புத்தி வந்திருக்காது.

1994, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எஸ்டேட்காரர்கள் பந்து விளையாடுவதை விட்டுவிட்ட ஒரு பழைய படாங் திடல். கூட வந்தவர் அந்தோணிராஜ், ஸ்டேஷனில் சிக்னல் வேலை பார்ப்பவர், சேகரனின் வயதுக்காரர். இந்தப் பைத்தியத்தில் பாதியை அவரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் மூன்றாவது சுண்டலில் பற்றியது. விமானத்தை யாரும் பிடித்திருக்கவில்லை. சேகரன் முன்பக்கமாகவே நின்று, சுழலும் புரொப்பெல்லருக்கு மேலாகக் கையை நீட்டி பேட்டரி கிளிப்பைக் கழற்றினார். விமானம் ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. பல மாதம் இழைத்து இழைத்துச் செய்த பொருள் அல்லவா, தடுக்கக் கை தானாகப் போய்விட்டது.

"அடோய், கைய எடு சேகரு!" என்று அந்தோணிராஜ் கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது.

வலக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலுமாகச் சேர்த்து ஒன்பது தையல். "கத்தி பட்டுச்சா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அதற்குக் கூர் போட்டது அவரே என்பதால், ஆமாம் என்றே சொல்லிவிட்டார்.

ஆறு வாரம் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. பக்கத்து ஊரான டம்பினில் ஆயிரம் கடை இருந்தும் பாதி ஊர் பிடிவாதமாக அவருக்காகக் காத்திருந்தது. அந்த ஆறு வாரமும் புலாவ் செபாங் ஆண்களைப் பார்த்தவர்கள், ஊரில் ஏதோ கூட்டு வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். சேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்குள் போய், கட்டுப் போட்ட விரல்களைக் கத்தரிக்கோலின் வளையத்தில் நுழைத்துப் பார்ப்பார். நுழையாது. இனி எப்போதும் நுழையாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று மறுபடி நுழைத்துப் பார்ப்பார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

சாந்தி கையுறை ஃபேக்டரியில் பேக்கிங் செய்பவள். ஊரே அவளிடமிருந்து ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்தது. அவள் சண்டை போடவில்லை. எஞ்சினைப் பழந்துணியில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஆறு வாரமும் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். தையல் பிரித்து, முதல் தலையை வெட்டிவிட்டு அவர் வீட்டுக்கு வந்த அன்று, துணி மூட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க வெளையாட வேணாம்னு சொல்ல மாட்டேன். சொன்னாலும் கேக்க மாட்டீங்க. ஆனா ஒண்ணு. இன்னொரு சொட்டு ரத்தம் பாத்தேன், இத ஆத்துலதான் தேடணும். நெசமா சொல்றேன்."

"சரி சாந்தி."

"சரின்னு சும்மா சொல்லாதீங்க."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, கடைக் கண்ணாடியின் முன்னால் கத்தரிக்கோல், சவரக்கத்தி, சீப்பு, மிஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சாந்தி சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். வரிசையின் கடைசியில் சேகரன் மெதுவாக எஞ்சினையும் கொண்டுவந்து வைத்தார். சாந்தியின் விரல் கடைசிச் சீப்போடு நின்றுவிட்டது. எஞ்சினைத் தாண்டிப் போய்க் கற்பூரம் ஏற்றினாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்பது தையலைவிட அதுதான் அதிகம் வலித்தது என்று பின்னாளில் அந்தோணிராஜிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு சேகரன் ஆளே மாறிவிட்டார். சவரத்துக்கு ஒரு முறை இருக்கிறது, துண்டு போடாமல் தண்ணீர் தொடமாட்டோம், நுரை போடாமல் கத்தி எடுக்கமாட்டோம், அப்படி இதற்கும் ஒரு முறை வேண்டும் என்றார். முதல் வேலையாகப் புதுப் புரொப்பெல்லரின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கினார். வாழ்க்கையிலேயே அவர் ஒரு கூரைத் தெரிந்தே மழுக்கியது அதுதான் முதல் தடவை. சுற்றும்போது வட்டம் கண்ணுக்குத் தெரிவதற்காக இரண்டு முனைக்கும் வெள்ளை பெயிண்ட் அடித்தார். படாங்கில் இரும்புக் கம்பி அறைந்து பழைய விமானத்தின் வாலைக் கயிற்றால் கட்டினார். விரலால் சுண்டுவதை விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாய்த் துண்டு மாட்டிய ஒரு குச்சியால் சுண்டினார். எஞ்சின் பற்றியதும் சுற்றிக்கொண்டு இறக்கைக்குப் பின்னால் போய், அங்கிருந்துதான் கிளிப்பைக் கழற்றுவார். புரொப்பெல்லருக்கு நேராகவோ பக்கவாட்டிலோ யார் நின்றாலும் எஞ்சினைத் தொடமாட்டார். முழுக்கைச் சட்டையை மடித்துவிடுவார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பையில் போடுவார். ஒவ்வொன்றையும் செய்யும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார்.

"ஏன்லா, எஞ்சினுக்கு மந்திரம் ஓதுறியா?" என்று அந்தோணிராஜ் கிண்டலடிப்பார்.

"எனக்கு ஓதிக்கிறேன்பா" என்பார் சேகரன்.

ஒருநாள் சாந்தி ஃபேக்டரியிலிருந்து ஒரு டப்பா ரப்பர் கையுறை கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, இத போட்டுக்கிட்டா கை பொழைக்குமில்ல?" என்று அந்தோணிராஜைக் கேட்டாள். "இது கறிக்கொழம்பு சூட்டுக்கே தாங்காது தங்கச்சி" என்றார் அவர். சேகரன் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி, விமானப் பாகம் வைக்கும் நாற்காலியில் பத்திரமாக வைத்தார்.

பல சாயங்காலங்களில் இரண்டு ஆண்களும் சேகரன் வீட்டு மேசையில் புரொப்பெல்லரைச் சமன் பார்ப்பார்கள். நடு ஓட்டையில் ஒரு கம்பியை நுழைத்து, இரண்டு தம்ளர்களின் விளிம்பில் கம்பியைத் தாங்கவைப்பார்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைத் துளித் துளியாகத் தேய்ப்பார்கள். "ஒரு சொட்டு பெயிண்ட் கூடினாக்கூட ஒரு பக்கம் கனத்துரும். எஞ்சின் ஒதறும். ஒதறினா புரொப்பெல்லர் தெறிச்சு மூஞ்சிக்கு வரும்" என்று சேகரன் நூறாவது தடவையாக விளக்குவார். சாந்தி அரிசி களைந்துகொண்டிருப்பாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழுவதாகவே தெரியாது.

புது விமானம் செய்து முடிக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. மஞ்சள் இறக்கை, சிவப்பு வால். 1995, ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிறு அதை முதல் தடவையாகப் பறக்கவிடுவதாக முடிவானது. புறப்படும் நேரத்தில் சாந்தி ஃபிளாஸ்க்கோடு வந்து காரில் ஏறிக்கொண்டாள். "நானும் வந்து பாக்கறேன்" என்றாள். என்ன பார்க்க வருகிறாள் என்று சேகரனுக்குத் தெரியும். விமானத்தை அல்ல, விரலை. இன்றைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் எல்லாம் முடிந்துவிடும்.

முந்தின நாள் நல்ல மழை. சேகரன் கம்பியை அறைந்தார், வாலைக் கட்டினார். சாந்தியைப் பின்னால் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். வாய் வழக்கம்போல முணுமுணுத்தது. குச்சியால் இரண்டு சுண்டல். எஞ்சின் பற்றிக்கொண்டது. வெள்ளை வட்டம் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் போய்க் கிளிப்பைக் கழற்றினார். விமானத்தை இயக்கும் ரேடியோ ரிமோட்டைக் கையில் வைத்திருந்த அந்தோணிராஜிடம், முழு வேகம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அவர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார், மழையைத் தவிர. ஊறிப்போன மண்ணிலிருந்து கம்பி உருவிக்கொண்டு வந்துவிட்டது.

விமானம் பாய்ந்தது. ஒரு சக்கரம் புல் கொத்தில் சிக்கி, மூக்கு அப்படியே சுழன்று இவர்கள் பக்கம் திரும்பியது. சேகரனின் கை பாதி நீண்டது. பதினொரு மாதம். அதற்குள் ஏதோ ஒன்று, கடையில் கத்தி நழுவும்போது இழுக்குமே அதே இழுப்பு, கையைப் பின்னுக்கு இழுத்தது. ஆனால் சாந்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். அவர் பொருள் நாசமாகிறதே என்று குனிந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"சாந்தி, கத்தி விழுது!"

அவர் வாயில் வந்தது அதுதான். முடிவெட்டுக்காரர் மனைவிக்கு அது போதும். அவள் கை வெடுக்கென்று மடங்கியது. சேகரன் அவள் தோளைப் பிடித்து இழுக்க, இருவரும் சேற்றில் மல்லாந்து விழுந்தார்கள். அந்தோணிராஜ் எஞ்சினை அடக்குவதற்குள் விமானம் அவர்கள் காலடி ஓரமாகப் போய்க் கோல் கம்பத்தில் மோதியது. மஞ்சள் இறக்கை இரண்டாகப் பிளந்தது.

சாந்தி எழுந்ததும் முதலில் அவர் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். சேறுதான் இருந்தது. விமானம் போன துக்கம் சேகரனுக்கு அப்போது துளிகூட இல்லை. அவள் விரல்களைத் தன் சட்டையில் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, நீங்க அத பிடிக்கவே போகலியே" என்றாள் அவள்.

"போனேன். பாதிலயே திரும்பிட்டேன்."

அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூவருக்கும் தேநீர் ஊற்றினாள். பிறகு உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தன் துப்பட்டாவில் கட்டிக்கொண்டாள். எஞ்சின் மட்டும் சேதமில்லாமல் இருந்தது. இது இப்போது ஆற்றுக்குப் போகிறதா, வீட்டுக்கு வருகிறதா என்று கேட்க இரண்டு ஆண்களுக்கும் தைரியம் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று சேகரன் கடையைக் கழுவி, கத்தரிக்கோல், கத்தி, சீப்பு, மிஷின் என்று வரிசையாக வைத்தார். எஞ்சினை வைக்கவில்லை. போன வருஷம் சுருக்கென்று தைத்ததே போதும் என்று நினைத்தார். சாந்தி பூஜைத் தட்டோடு வந்தாள். கூடவே ஒரு துணி மூட்டை. பிரித்தபோது, துடைத்துப் பளபளவென்றிருந்த எஞ்சின் உள்ளே இருந்தது. புதுப் புரொப்பெல்லர் ஒன்றும் மாட்டியிருந்தது. அது அந்தோணிராஜின் வேலை என்று, வாசலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த அவர் முகமே சொன்னது.

கத்தரிக்கோலுக்கும் சவரக்கத்திக்கும் நடுவில் இடம் ஒதுக்கி அவள் எஞ்சினை வைத்தாள். சந்தனத்தைத் தொட்டாள். அவள் விரல் புரொப்பெல்லரின் ஒரு பக்கத்துக்கு அருகில் போய், சட்டென்று நின்றது.

"இங்க வெச்சா ஒரு பக்கம் கனத்துரும்ல?" என்றாள்.

சேகரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். சாந்தி இன்னும் கொஞ்சம் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, புரொப்பெல்லரின் நட்டநடு ஆணித்தலையில் பொட்டு வைத்தாள்.