நான்காவது ஜெர்சி

சூடான அயர்ன் பட்ட பொலியெஸ்டர் துணியிலிருந்து பிளாஸ்டிக் கருகுவது போன்ற ஒரு மெல்லிய வாடை எழும். ஒவ்வொரு வருஷமும் தேசிய சைக்கிள் பந்தயத்துக்கு முந்திய வாரம், மஹய்யாவவில் இருந்த எங்கள் இரண்டு அறை வீடு முழுவதும் அந்த வாடைதான். அம்மா பல்லேகல கார்மெண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாங்கள் மாத்தயா என்று மரியாதையாக அழைக்கும் சைக்கிள் சங்கத்து அதிகாரி ஒருவர், வீதிப் பந்தயத்தில் வெல்பவருக்கு மேடையில் போட்டுவிடும் ஜெர்சியை அம்மாவிடம்தான் தைக்கக் கொடுப்பார். நெஞ்சுக்குக் குறுக்கே தேசியக் கொடியின் நிறங்கள் பட்டிகளாக ஓடும் அதை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் "கொடிச் சட்டை" என்பார்கள். யார் வெல்வார் என்று யாருக்கும் தெரியாதாகையால் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று தைக்க வேண்டும். வென்றவர் ஒரு வருஷத்துக்கு வீதிப் பந்தயங்களில் அதைப் போட்டு ஓடலாம். வெல்லாத எவரும் அதை உடம்பில் போடக் கூடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தது அண்ணன்தான்.

அண்ணனும் பந்தயக்காரன். நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லி உடம்பு. எனக்குப் பதினொரு வயதான வருஷம் பந்தயம் எங்கள் பக்கமாகவே வந்தது. வத்தேகம ஏற்றத்தில் அவனை முந்த ஆளில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நடுத்தரச் சட்டை அவனுக்கு வயிற்றுக்கு மேலே ஏறும், பெரியது தொளதொளக்கும் என்று அம்மா யோசித்திருக்க வேண்டும். மிஞ்சிய துணியில், அவன் இல்லாத நேரமாகப் பார்த்து, நான்காவதாக ஒன்றை அவன் அளவுக்குத் தைத்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

பந்தயத்தன்று அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு முடிவுக்கோட்டருகே நின்றார். ஏற்றத்தில் தனியே முன்னால் வந்த அண்ணனை, கடைசி நேர்வீதியில் ஒரு குள்ளப் பையன் எட்டிப் பிடித்து, சைக்கிளின் அரைச் சில்லு வித்தியாசத்தில் முந்திவிட்டான். சிறிய சட்டை மேடை ஏறியது. அண்ணன் கீழே நின்று கைதட்டினான்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா அந்த நான்காவது சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஜெயிக்கிறதுக்கு முன்னுக்கே தச்சிட்டேன். நாந்தான் புள்ளைய தோக்கடிச்சேன்," என்றார். "அண்ணங்கிட்ட சொல்லிறாத."

அடுத்த வருஷம் மாத்தயா வந்தபோது, அம்மா கண் தெரியவில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். அண்ணனும் சைக்கிளைக் கூட்டாளி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனான். பந்தயத்தை ஏன் விட்டான் என்று அவனும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அவன் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை; இருவரும் தொலைபேசியில் சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியுமே பேசினார்கள்.

போன வருஷம் அம்மா இறந்தார். முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் அண்ணனால் வர முடிந்தது. அம்மாவின் அடையாள அட்டையைத் தேடி அலுமாரியைத் திறந்தவன், சேலைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

"அந்தச் சட்டை எங்க தங்கச்சி?"

அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பந்தயத்துக்கு முந்திய நாள், பந்தய இலக்கத் துண்டை முதுகில் குத்த அலுமாரியில் ஊசி தேடியபோது அதைக் கண்டதாகச் சொன்னான். வீட்டில் யாருமில்லாததால் போட்டுப் பார்த்திருக்கிறான்.

"அளவா இருந்திச்சி. கழட்ட மனசே வரல. ஜெயிக்காம போட்டேன்ல, அதான் கைவிட்டு போயிருச்சி. அம்மா ஆசையா தச்சத நானே கெடுத்துட்டேன்னு ஆயிருச்சி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஓடுறது, அம்மா முன்னுக்கு வந்து நிக்கிறது?"

அம்மா சொன்னதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டான். அம்மா சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்றேன்.

அண்ணன் கட்டாருக்குத் திரும்பிவிட்டான். இப்போது வெல்பவருக்கான ஜெர்சிகள் எங்கிருந்தோ அச்சடித்துப் பெட்டியில் வருகின்றனவாம். மஹய்யாவவில் அவற்றைத் தைக்க ஆளில்லை. அம்மாவின் சொல்லைக் காப்பாற்றினேன் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒருநாள் அதை மீறியிருந்தால், அம்மா உயிரோடு இருந்தபோதே அண்ணன் ஊருக்கு வந்திருப்பான்.