தாய்: உயிரோடு

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் ஒரு வீட்டின் மேல்தட்டில் குடியிருந்தோம். கீழ்த்தட்டில் வீட்டுக்கார அம்மா. மொன்றியலில் பிறந்து, எழுபத்திரண்டு வயதுவரை மொன்றியலிலேயே வாழ்ந்து, பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டு சொற்களோடு காலத்தை ஓட்டியவர். ஐரிஷ் வழிவந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் குடிவந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து, கிறுக்கல் கையெழுத்தைக்கூட வாசிக்கப் பழகியிருந்தேன். அதனால்தான் ஒருநாள் அவர் படியேறி வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

அவர் கதைத்தது ஆங்கிலம். என் ஞாபகத்தில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே பதிந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

“உமக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும்தானே? சனிக்கிழமை என்னோடை ஒரு இடத்துக்கு வாரும். மத்தியானச் சாப்பாடு என்ரை பொறுப்பு.”

அந்த இடம் நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பழைய ஆவணக் காப்பகம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகளைப் படச்சுருளாக்கி வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு என்பது அவர் வீட்டிலிருந்து மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டு வந்த முட்டை சான்விச்.

அவர் தேடியது தன் தகப்பனின் தகப்பனை, எங்கள் பேச்சில் பேரனாரை. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில், மூன்று வயதில், தாய் தகப்பனோடு கப்பலேறி வந்த பிள்ளை அவர். கப்பலிலேயே பலருக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. வந்திறங்கியவர்களை ஆற்றங்கரையில் பலகைக் கொட்டில்களில் கிடத்தினார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்தப் பிள்ளையை ஆற்றுக்கு அக்கரையில் வயல் செய்கிற ஒரு பிரெஞ்சுக் கமக்காரக் குடும்பம் எடுத்து வளர்த்தது. அவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்னொரு கதையும் இருந்தது. தாய் சாகவில்லை, பிள்ளையைக் கன்னியாஸ்திரிகளிடம் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் அமெரிக்காவுக்குப் போய்விட்டாள் என்பது அந்தக் கதை. பேரனார் அதை நம்பினார். தாயின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார். அதனால் பெயரே மறைந்துபோயிற்று.

வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதில் ஒரு அக்கா, டோர்வல் பக்கம் முதியோர் இல்லத்தில் இருந்தார். அவரும் அந்தத் தாயை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர்தான். “அக்கா கண்ணை மூடமுதல் எனக்கு உண்மை தெரியவேணும். விட்டிட்டுத்தான் போனவளெண்டால், சரி, போனவள். தெரிஞ்சால் காணும், வேறையொண்டும் வேண்டாம்” என்பார் வீட்டுக்கார அம்மா.

என் கணவருக்கு விமானச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. சனிக்கிழமைகளில்தான் வீட்டில் நிற்பார். “இஞ்சேரும், எங்கடை சொந்தத்துக்கையே ஆர் ஆருக்கு என்ன முறையெண்டு உமக்குத் தெரியாது. வெள்ளைக்காரியின்ரை பேரனைப் பெத்த பூட்டியைத் தேடப் போறீரே?” என்று நக்கலடித்தார். கலியாணப் பேச்சென்று வந்தால் மாப்பிள்ளை பகுதியின் பூர்வீகத்தை நாலு ஊருக்கு அப்பாலும் போய்க் கிண்டுகிற ஆட்கள் நாங்கள். அந்தக் குணத்தை ஒரு நல்ல காரியத்துக்குப் பாவிக்கட்டுமே என்றேன்.

மூன்றாம் மாதம் அகப்பட்டது. அநாதைப் பிள்ளைகளை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கன்னியாஸ்திரிகள் எழுதிவைத்த பட்டியல். பேரனாரின் பெயர், வயது மூன்று, எடுத்த கமக்காரனின் ஊர், எல்லாம் சரி. தகப்பனின் முழுப்பெயரும் தாயின் முதற்பெயரும் பிள்ளையைக் கொடுத்த திகதியும் இருந்தன. கண்டுபிடித்த பெருமையில் வாய் முந்திக்கொண்டது. மிச்சத்தையும் உரக்க வாசித்துவிட்டேன்.

“தகப்பன்: இறப்பு. தாய்: உயிரோடு.”

அவர் குறிப்பெழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடிவிட்டார். அதற்குப் பிறகு இறப்புப் பதிவேட்டின் பெயர்வரிசையைத் தகப்பனின் குடும்பப் பெயரில் தேடினோம். தகப்பன் இருந்தான். அவள் இல்லை. அந்த வருடத்திலும் இல்லை, அடுத்த வருடத்திலும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அப்ப உண்மைதான். எந்தத் தாய் தன்ரை பிள்ளையைக் குடுத்திட்டுப் போவாள்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நான் போனனான்” என்றேன்.

என் மகளை இரண்டு வயதில் ஊரில் என் அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் நான் இங்கே வந்தேன். பேப்பர் சரிவந்து அவள் வந்து சேர நாலு வருடம் எடுத்தது. விமான நிலையத்தில் அவள் என்னை ‘அன்ரி’ என்று கூப்பிட்டாள். வீட்டுக்கார அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும், அவளுக்குப் பிஸ்கட் கொடுக்காத நாளில்லை. அந்த நேரத்தில் மறந்துபோனார். முகம் சிவந்து, பஸ் நின்றதும் எனக்கு முன்னே இறங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமை அவர் மேலே வரவில்லை. நானும் கீழே போகவில்லை. ஆனால் கோபம் இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. அவருடைய வறண்ட முட்டை சான்விச் இல்லாமல் சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இல்லை.

இரண்டு கிழமை கழித்து இரத்தம் சோதிக்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். மகளும் கூட வந்திருந்தாள். மேசையில் இருந்த பெண் ‘மதாம்’ என்று தொடங்கி ஒரு பெயரைக் கூப்பிட்டாள். நான் பேசாமல் இருந்தேன். மகள் என்னை இடித்தாள். “அம்மா, உங்களைத்தான்.”

என்னைத்தான். கூப்பிட்டது என் அப்பாவின் பெயரை. கெபெக்கில் கலியாணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பெண்ணுக்குப் பத்திரத்தில் பிறந்த வீட்டுப் பெயர்தான். வந்த நாளிலிருந்தே எனக்கு இது பழகவில்லை. வீட்டில் நாங்கள் மரியாதைக்கு வாயால் சொல்லாத பெயரை, ‘மதாம்’ போட்டு, இருமிக்கொண்டிருக்கிற நாற்பது பேருக்கு நடுவில் சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும், அப்பா இங்கே எப்படி வந்தார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். எழுந்து நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

அந்த இறப்புப் பதிவேடும் பிரெஞ்சுப் பாதிரியார் தங்கள் பழைய வழக்கப்படி எழுதிய புத்தகம்தானே. புருஷன் பெயரில் அந்தத் தாயை எதற்கு எழுதுவார்? வீட்டுக்கார அம்மா புருஷன் செத்து இருபது வருடமாகியும் அவர் பெயரிலேயே கடிதம் வாங்குகிறவர். நானோ கலியாண வீட்டு மொய்க் கடித உறையில்கூட ‘திருமதி’ போட்டுக் கணவரின் பெயரை எழுதுகிறவள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளை இல்லாத இடத்தில் தேடியிருக்கிறோம். எங்களைப் போன்ற இரண்டு பேரால்தான் அப்படித் தேட முடியும். இரத்தம் எடுத்த பெண், பிரஷர் கூடியிருக்கிறது என்றாள்.

வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழ்த்தட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“அவளின்ரை தகப்பன்ரை பெயர் எங்களுக்குத் தெரியாதே.”

“தெரியத் தேவையில்லை. பிள்ளையைக் குடுத்த நாளிலையிருந்து ஒவ்வொரு பக்கமா வாசிப்பம். முதற்பெயர் இருக்குத்தானே. கீழை ‘இன்னாரின்ரை விதவை’ எண்டு எழுதியிருப்பினம்.”

“அண்டைக்குப் பஸ்ஸிலை நான் சொன்னது...”

“அதைப் பேந்து கதைப்பம்” என்றேன். உண்மையில் அதை நாங்கள் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. தேவைப்படவில்லை.

சனிக்கிழமை அவர் சுருளைச் சுற்றினார், நான் வாசித்தேன். ஒரு நாள் பதிவுக்கே நாலு பக்கம், ஐந்து பக்கம். எல்லாம் சாவு. பெயர் தெரியாதவர்களைத் தொகையாக எழுதியிருந்தார்கள். அவளும் அந்தத் தொகைக்குள் போயிருந்தால் என்ன செய்வது என்று எனக்குள்ளே பயமாக இருந்தது, சொல்லவில்லை. மத்தியானம் கழிந்து, பிள்ளையைக் கொடுத்த ஒன்பதாம் நாளின் பக்கத்தில், அவள் வந்தாள். முதற்பெயர் அதே. குடும்பப் பெயர் நாங்கள் ஒருபோதும் கேள்விப்படாதது. கீழே ஒரு வரி: எங்களுக்குத் தெரிந்த அந்தத் தகப்பனின் விதவை, காய்ச்சல், கொட்டிலில்.

நான் பிரெஞ்சில் வாசித்து, ஆங்கிலத்தில் சொல்லி, திரும்பவும் பிரெஞ்சில் வாசித்தேன். அவர் விரலால் மெதுவாகக் கணக்கெடுத்தார். சாகப்போகிறோம் என்று தெரிந்து, மூச்சு இருக்கும்போதே பிள்ளையைப் பத்திரமான கையில் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. நல்லாக அழுதேன். மூக்கைத் துடைக்க அவர் தன் கைக்குட்டையைத் தந்தார், பிறகு அதையே வாங்கித் தானும் துடைத்தார்.

வீட்டுக்குப் போகும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. காப்பகத்தின் நடைக்கூடத்தில் இருந்த பொதுத் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டார். அக்காவுக்குக் காது மந்தம். “அவள் போகேல்லை! செத்தவள்! ஒன்பதாம் நாள்!” என்று கத்தினார். காப்பகமே திரும்பிப் பார்த்தது. அக்கா நம்பவில்லை போலிருக்கிறது. தொலைபேசியை என் கையில் திணித்தார்.

நான் அந்தப் பெயரைச் சொன்னேன், முழுவதாக, தகப்பன் பெயரோடு. திகதியைச் சொன்னேன்.

“அவளுக்கு எத்தினை வயது?” என்று கேட்டது அந்தக் குரல்.

“இருபத்துமூண்டு எண்டு எழுதியிருக்கு.”

“ஐயோ, சின்னப் பிள்ளை” என்றார் எண்பது வயது அக்கா, தன் பூட்டியை.