கண்டக்டர் தாண்டவராயனின் சாரி

விழுப்புரம் – திண்டிவனம் பஸ்ஸில் பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். இங்கிலீஷ் டீச்சர். கண்டக்டர் தாண்டவராயன் அளவுக்கு சாரி சொல்லும் மனிதரை நான் பார்த்ததில்லை. யார் காலையாவது மிதித்தால் சாரி, சீட் இல்லையென்றால் சாரி, பிரேக் போட்டது டிரைவர் என்றாலும் சாரி சொல்வது இவர்தான். ஆனால் சொந்தக்காரர் என்று ஒருவருக்காகவும் வண்டியை நிறுத்தி வைத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

தை மாதம் ஒரு காலையில் விக்கிரவாண்டியில் வண்டி கிளம்பும்போது அவர் மனைவி கிருஷ்ணவேணி ஓடி வந்தார். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கிருஷ்ணவேணியின் அப்பா படுத்திருந்தார். வண்டி ஏற்கெனவே லேட். தாண்டவராயன் இரண்டு விசில் அடித்தார், வண்டி போய்விட்டது. அடுத்த பஸ் பிடித்து கிருஷ்ணவேணி போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் உயிர் பிரிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"நான் உன்னப் பாக்கல" என்று வீட்டில் சொல்லிவிட்டார் தாண்டவராயன். கூடவே ஒரு சாரி. கிருஷ்ணவேணி சண்டை போடவில்லை. சோறு போட்டார், காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டார். பேச்சு மட்டும் நின்றுபோனது.

ஒரு மாதம் கழித்து தாண்டவராயன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்று இத்தனையும் சொன்னார்.

"பத்து வாட்டி சாரி சொல்லிட்டேன் டீச்சர். இங்கிலீசுல அத்தவிடப் பெரிய வார்த்தை ஏதனா இருக்குதுங்களா?"

"நெஜமாவே பாக்கலிங்களா?"

அவர் டிக்கெட் கட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட மனசு வரவில்லை.

"பெரிய வார்த்தையெல்லாம் வேணாங்க. புண்ணு, வலின்னு அவங்க ஊர்ல ஒரு பழைய வார்த்தை. அதுலேர்ந்து வந்ததுதான் சாரி. மன்னிப்பு கேக்கறதுக்குன்னு ஆனது அப்புறந்தான். மொதல்ல, எனக்கு வலிக்குதுன்னுதான் அர்த்தம்."

கூட்டேரிப்பட்டு ஸ்டாப் வந்ததும் விசில் அடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் டிக்கெட் கொடுக்கும்போது அவராகவே சொன்னார். வேலை முடிந்து போனதும், சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாராம்.

"பாத்தேன் வேணி. நீ கையக் காட்டிக்கினு ஓடியாந்தத பாத்துக்கினேதான் விசில் அடிச்சேன். அன்னிலேர்ந்து வலிக்குது."

கிருஷ்ணவேணி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாராம்.

"நீங்க பாத்தது எனக்குத் தெரியும். பாக்கலன்னு சொன்னீங்களே, அதான் தாங்கல." பிறகு, "அன்னிக்குக் காலைல அப்பா போன்ல பேசினாரு. மாப்ள பஸ்சுலயே வந்துடும்மான்னாரு" என்றாராம்.

இரண்டு பேரும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.