டிரெஸர் மாசிலாமணியின் ஆராய்ச்சி

ரப்பர்ப் பாலை விரல்நுனியில் எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றார் டிரெஸர் மாசிலாமணி. ஆஸ்பத்திரி வாசல் பலகையில் காய்ச்சல்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். மாசிலாமணி கண்ணைத் திறக்கவில்லை. பௌர்ணமியன்று பால் இனிக்கிறதா, அமாவாசையன்று புளிக்கிறதா என்பது உலகத்துக்கு உடனடியாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது. "சத்தம் போடாதய்யா, ருசி கலைஞ்சு போகுது," என்று வாந்தி எடுத்தவரை அதட்டிவிட்டு மறுபடி நாக்கை நீட்டினார்.

ஜொகூரில் செடெனாக்குக்கு உள்ளே, செம்மண் பாதை முடிந்துபோகிற இடத்தில் இருந்தது அந்தத் தோட்டம். ஆஸ்பத்திரி என்பது தகரக் கூரைக் கொட்டகை. புண்ணுக்குக் கட்டுப் போடவும், காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கவும், நோய் மிஞ்சிப்போனவர்களை ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அந்த வேலைகளையெல்லாம் இடது கையால் செய்தார். வலது கை ஆராய்ச்சிக்கு.

கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. அதன் பையில் சிங்கப்பூரில் வாங்கிய பூதக்கண்ணாடி. பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், மூக்கைப் பார்ப்பார். மூக்கின் அகலத்தை வைத்து ஒருவன் எந்த ஜில்லாக்காரன் என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான கீழ் லயத்தில் ஒண்டிக்கட்டையாக இருந்த ஐயாசாமியின் மூக்கைப் பார்த்து, "நீ திருநெல்வேலி," என்றார்.

"நான் சேலமுங்கய்யா."

"எதுக்கும் உங்கப்பனைக் கேட்டுப் பாரு."

ஐயாசாமி என்ன செய்வார் பாவம்! சிரித்துவைத்தார். அப்பன் செத்துப் பல வருஷமாகியிருந்தது.

சரித்திரத்தையும் மாசிலாமணி சும்மா விடவில்லை. செடெனாக் என்பது 'சேடன் நாக்கு' என்பதன் திரிபாம். ஆதிசேடன் இங்கேதான் நாக்கை நீட்டிப் படுத்திருந்தானாம். மாசாய், ஒரு காலத்தில் மாமரம் சாய்ந்த ஊர். கெலாங் பாத்தா மட்டும் எவ்வளவு முறுக்கியும் தமிழுக்கு வளைந்துகொடுக்கவில்லை. அதனால் அந்த ஊர்க்காரர்கள் யாராவது புண்ணோடு வந்தால் கொஞ்சம் அழுத்தியே துடைப்பார். இந்த உண்மைகளை நீளமான கட்டுரையாக எழுதிச் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். அவர்கள் அதை நாலு வரியாக நறுக்கி, கூந்தல் தைல விளம்பரத்துக்கும் காணாமல்போன ஆட்டுக்கும் நடுவில் போட்டார்கள். கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஆடும் சேர்ந்தே சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது.

சமூக ஆராய்ச்சியும் உண்டு. தொழிலாளி ஏன் குடிக்கிறான் என்பதை அறியச் சாயங்காலங்களில் கள்ளுக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். மற்ற ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரு மாதத்தில் வாடிப்போகும். இது ஒன்றுதான் வருஷக்கணக்கில் தொடர்ந்தது. "இன்னும் ஆழமா இறங்கிப் பாக்கணும்லா," என்பார், வாயைத் துடைத்துக்கொண்டே.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலோடு சிரிப்பு நின்றது.

தினமும் பெரட்டுக்கு ஆள் குறைந்தது. விடியற்காலையில் கங்காணி பெயர் கூப்பிடக் கூப்பிட, பதிலுக்கு லயத்திலிருந்து முனகல்தான் வந்தது. கம்பெனி பெட்டி பெட்டியாகக் கொயினா அனுப்பியது. அந்த நேரம் பார்த்து மாசிலாமணி ஏதோ ஒரு சீமைப் பத்திரிகையில் பாதிப் பக்கம் படித்துவிட்டார். பெரிய டாக்டர்கள் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு மருந்து, மறுபக்கத்துக்கு வேறு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாம். மீதிப் பாதியை அவர் படிக்கவில்லை. மேட்டில் இருந்த லயத்துக்குக் கொயினா, பள்ளத்தில் இருந்த லயத்துக்குப் பப்பாளி இலைச் சாறு என்று பிரித்தார். பப்பாளி இலைதான் ஜெயிக்கும், பத்திரிகை இந்த முறை நாலு வரியோடு நிறுத்த முடியாது என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கீழ் லயத்துக்கு வந்த கொயினா அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

பால் வெட்டும் பேச்சியம்மாள் கீழ் லயத்துக்காரி. அவள் புருஷன் வேலு, போர்வைக்குள் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தான். மேல் லயத்துக் கருப்பாயி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதையும், "கொயினா குடிச்சதுல காதுக்குள்ள ரயிலு ஓடுது புள்ள, ஆனா காச்சல் விட்டிருச்சு," என்று சொல்வதையும் கேட்டுவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"ஐயா, எங்களுக்கு மட்டும் மருந்து பச்சையா இருக்குதுங்களே?"

"அதுதான் ஆராய்ச்சி. உனக்குப் புரியாது."

"மேல குடுக்குறதையே எங்களுக்கும் குடுங்கய்யா. அவரு கண்ணு சொருகிக்கிட்டுப் போகுது."

"குடுத்தா கெட்டுப்போயிரும். ரெண்டு லயத்துக்கும் வித்தியாசம் தெரியணும்."

"வித்தியாசம்னா என்னங்கய்யா?"

மாசிலாமணி அவளுடைய மூக்கைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் அழவில்லை. திரும்பிப் போய், போர்வையோடு வேலுவைத் தோளில் சாய்த்து, சேற்றில் கால் வழுக்க வழுக்க மேட்டில் ஏற்றி, கருப்பாயி வீட்டுக்குள் கிடத்தினாள். மறுநாள் மருந்து ஊற்ற வந்த மாசிலாமணி அங்கே வேலுவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அலமாக்! இவன் எப்படி இங்க வந்தான்? ஆராய்ச்சியே பாழாப்போச்சே!"

"இது மேல் லயம்தானுங்களே?" என்றாள் பேச்சியம்மாள். "மேல் லயத்துக்கு உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஊத்துங்க."

அவருக்குப் பின்னால் கீழ் லயமே மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. பாயும் சட்டியும் சுமந்துகொண்டு, காய்ச்சல்காரர்களைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் மூன்று குடும்பமாக நுழைந்தார்கள். கங்காணி தடுக்கவில்லை. அவனுக்கும் கீழ் லயத்தில் ஒரு தங்கச்சி இருந்தாள். ஓடிவிடலாமா என்று பார்த்தார் மாசிலாமணி. வாசல் முழுக்க ஆள். கொயினாவை ஊற்றினார். அலமாரியையும் திறக்கவேண்டி வந்தது.

வேலு பிழைத்தான். காதில் அவனுக்கும் ரயில் ஓடியது.

ஐயாசாமியைத் தூக்கி வர யாருமில்லை. எல்லாரும் தங்கள் ஆளைச் சுமந்தார்கள். அவருடைய நினைவு வந்து வேலுவின் கூட்டாளிகள் இறங்கிப் போய்ச் சுமந்து வந்தபோது உடம்பு நெருப்பாக இருந்தது. வாயில் ஊற்றிய மருந்து கடைவாயோரம் வழிந்துவிட்டது. பொழுது சாயுமுன் போய்விட்டார்.

மாசிலாமணிக்கும் வேதனைதான். இருந்தது கீழ் லயம், செத்தது மேல் லயம். இந்தச் சாவை எந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்ப்பது? கங்காணியிடமே யோசனை கேட்டார். கங்காணி காறித் துப்பிவிட்டு நடந்தான். தோட்டத்துத் துரைக்குப் போன தகவலில் சாவுக்குக் காரணம் 'இருதய பலவீனம்' என்று இருந்தது.

அடக்கத்துக்குத் தோட்டமே வந்தது. சொந்தம் என்று யாரும் இல்லாததால் பெண்களும் வந்தார்கள். வேலுவுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. அவனுக்காகப் பேச்சியம்மாள் ஒரு பிடி மண் போட்டாள். கடைசியாக மாசிலாமணி கோட்டின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழியோரம் வந்து குனிந்தார். ஆயிரம் இருந்தாலும் டிரெஸர் மண் போட வந்திருக்கிறார் என்று கூட்டம் வழிவிட்டது. பேச்சியம்மாள்கூட ஒதுங்கினாள். அவர் புது மண்ணைக் கிளறி, கொம்பு வைத்த ஒரு கறுப்பு வண்டை இரண்டு விரலால் எடுத்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் வேகமாக நடந்தார்.