அம்மாவின் அரை வாக்கு

அன்று காம்ப் குசினியில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, அவருடைய அறைப் பொடியன்கள் நான்கு பேர், அல்பேனியக் குடும்பத்தார் ஆறு பேர், கைக்குழந்தையோடு ஒரு சோமாலியப் பெண், காம்ப் பொறுப்பாளர், டொச்சிலிருந்து, அதாவது ஜெர்மன் மொழியிலிருந்து, மொழிபெயர்க்கப் பத்து வயதில் நான். யாரையும் விடவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சுவிஸில், வில் நகருக்கு வெளியே அகதிகள் தங்கியிருந்த அந்த வீட்டின் சமையலறையில் ஒரே ஓர் அடுப்பு. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதைப் பிடித்துவிடுவார்கள். சோமாலியப் பெண் கஞ்சிச் சட்டியோடு வாசலில் நிற்பாள். குழந்தை வீரிட்டுக் கத்தும். ஆறிலிருந்து ஆறரை வரை அடுப்பைத் தனக்குத் தரும்படி கேட்டாள். அதுவரை எல்லாவற்றையும் தலை எண்ணித்தான் தீர்த்தோம், ஆகவே எட்டுப் பேரான தமிழர் நாங்களே எப்போதும் வென்றோம். அன்று பொறுப்பாளர் நாட்டுக்கு ஒரு வாக்கு என்றுவிட்டார்.

சித்தப்பா கொதித்தார். "எங்கட எட்டுப் பேருக்கும் ஒண்டு, அவ ஒராளுக்கும் ஒண்டோ? நல்ல ஞாயம்!" பிறகு முகம் மலர்ந்தது. "பிள்ளை, சொல்லு. நாங்கள் ரெண்டு நாடு. யாழ்ப்பாணம் வேற, மன்னார் வேற."

மன்னார் என்றால் அம்மா ஒருத்திதான். அதைப் பொறுப்பாளரிடம் டொச்சில் சொன்னேன். இவர் இதைத் தலைநகர் பேர்னுக்கு எழுதிவிட்டால்? அம்மாவை ஒரு நாட்டுக்கும் எங்களை இன்னொன்றுக்கும் அனுப்பிவிட்டால்? நான் எதில் சேர்த்தி?

பொறுப்பாளர் சிரித்தார். அவர் அப்பன்செல் மாநிலக்காரர். பேர்னில் உள்ள மாநிலங்கள் சபையில் பெரிய சூரிச்சுக்கும் இரண்டு இருக்கை, குட்டி மாநிலம் ஊரிக்கும் இரண்டு; இரண்டாய்ப் பிரிந்த எங்கள் மாநிலத்துக்குப் பாதிக்கு ஒன்றுதான் என்றார். ஆகவே யாழ்ப்பாணத்துக்கு அரை வாக்கு, மன்னாருக்கு அரை வாக்கு. படிப்பை இடையில் விட்டவள் நான். அந்தக் கணக்கு மட்டும் இன்றும் மறக்கவில்லை.

அல்பேனியர் மறுத்தார்கள். சித்தப்பாவின் அரை வாக்கும் அவர்களோடு சேர்ந்தது. அந்தப் பெண் தன் ஒரு வாக்கோடு தனியாக நின்றாள். அம்மா கையைத் தூக்கினார்.

"அண்ணி! என்ன செய்யிறியள்?"

"வேற நாடெண்டு நீர்தானே தம்பி சொன்னனீர்?"

ஒன்றரைக்கு ஒன்றரை. சமமென்றால் முடிவு கூட்டத் தலைவரான தன்னுடையது என்று பொறுப்பாளர் கஞ்சிச் சட்டியைக் காட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்பில் கஞ்சி கொதித்தது; குழந்தையின் சத்தம் இல்லை. நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நான் அழுதேன். தோற்ற வீட்டில் அம்மா ஏன் பாட்டுப் பாடிக்கொண்டு கோப்பை கழுவுகிறார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.