அஞ்சலை கூப்பிட்டால் மாடு திரும்பும்

போன செவ்வாய்க்கிழமை காலை. ஸ்டுடியோ ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய என் மாமியார், குனிந்து உள்ளே நுழைந்தார். உட்காரவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"மாப்ள, அடுத்த மாசம் அஞ்சலைக்கு வருசம் திரும்புது. படையல் போடணும். அவ படம் ஒண்ணு பெருசா போட்டுக் குடுங்க."

"கல்யாணப் படம் இருக்குதே அத்த..."

"அது வாணாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். எங்கள் கல்யாணத்தில் எடுத்த ஒரே ஜோடிப் படத்தில் என் பெண்டாட்டி கண்ணை மூடியிருக்கிறாள். ஃப்ளாஷ் அடித்த நேரம் அப்படி. இருந்தவரைக்கும் அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணினாள். "ஊரு மாடெல்லாம் உம் படத்துல கண்ணத் தொறந்துகினு நிக்குது. உம் பொண்டாட்டி மட்டும் தூங்கிகினு இருக்கிறா, பாரு மாமா!" அப்போது சிரித்தோம். இப்போது அந்த மூடிய கண்ணுக்கு எதிரே இலை போட, பெற்றவளுக்கு மனசு வருமா?

"கண்ணத் தொறந்து எம் பொண்ணு என்னைப் பாக்கணும், மாப்ள. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஆடு, மாடு, நாய், கோழிக்குப் படம் எடுக்கிறவன். புதிதாக வந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சியில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

இந்தத் தொழிலே ஒரு மறியலில் ஆரம்பித்ததுதான். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் ரோட்டில் மரம் மரமாக விழுந்து கிடந்த நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. சில வருஷம்தான் ஆகிறது. எனக்கென்னவோ போன ஜென்மம் மாதிரி இருக்கிறது.

கல்யாணமாகி நாலு மாசம். மூங்கில்துறைப்பட்டில் ஒரு கல்யாண ஆர்டர். நானும் வருவேன் என்று அஞ்சலை பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். சங்கராபுரம் தாண்டியதும் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம். அதன் மேல் என் வயசுப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கண்ணே, பொட்டியத் தூக்கிகினு?" என்றான் ஒருத்தன்.

"கல்யாணத்துக்குப் படம் எடுக்க."

"பொண்ணும் மாப்ளயும் அந்தாண்ட மரத்துல மாட்டிகினு இருப்பாங்க. ஒக்காருங்க."

எனக்கு எரிச்சல். "நான் ஏழாவதோட நின்னவன்பா. இதுல எனக்கு இன்னா கெடைக்கும்?" என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "ஒனக்கு ஒண்ணும் கெடைக்காது. ஒம் புள்ளைக்குக் கெடைக்கும்" என்றான்.

அஞ்சலை எனக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை எங்களுக்கு வரவே இல்லை... அதை விடுங்கள்.

ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகளும் எங்களோடு மாட்டிக்கொண்டன. கரும்பு வெயிலில் காய்கிறது, வெயிட் குறைகிறது என்று வண்டிக்காரர்கள் ஒரே புலம்பல். ஒருவர் மட்டும் புலம்பாமல், அவிழ்த்துவிட்ட தன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே என் பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, எம் மாட்ட ஒரு படம் புடிப்பியா?"

"மாட்டுக்கு எதுக்குங்க படம்?"

"கல்யாணப் பொண்ணுக்கு எதுக்குப் புடிக்கிற? வூட்ட வுட்டுப் போவப்போறான்னுதானே? இதுவும் போவப்போவுது. வயசாயிடுச்சி. வர்ற சந்தையில ஓட்டிடுவேன்."

கேமராவை எடுத்தேன்.

ஆனால் மாடு மாப்பிள்ளை இல்லையே — "கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்றால் திரும்புமா? அது தரையைப் பார்த்தது, கரும்பைப் பார்த்தது, வாலைப் பார்த்தது. என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது. அப்போது அஞ்சலை எனக்கு இடது பக்கம் வந்து நின்று, உதட்டைக் குவித்து ஒரு சத்தம் கொடுத்தாள். "ப்ப்ர்ரூ..." என்று அடித்தொண்டையிலிருந்து. அவள் அம்மா வீட்டில் கறவை மாட்டைக் கூப்பிடுகிற சத்தமாம்.

இரண்டு காதும் விறைத்துக்கொண்டன. மாடு திரும்பியது. கிளிக்!

கல்யாண ஆர்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தொழில் கிடைத்தது. அந்தப் படத்தை வண்டிக்காரர் ஆலை வாசலில் காட்டாத ஆள் இல்லை. ஒரே மாசத்தில் என் கடைக்கு 'மாட்டு ஸ்டுடியோ' என்று பேர்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருத்தர் சேவலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இன்னொருவர் காளையை ஸ்டுடியோவுக்குள்ளேயே ஓட்டி வந்தார். அது பின்னால் தொங்கிய, அருவி வரைந்த திரையை நிஜத் தண்ணீர் என்று நினைத்து நக்கிவிட்டது. கண்ணு பட்டுவிடும் என்று மாட்டு நெற்றியில் கரி தடவிக் கொண்டுவருவார்கள். 'அழிச்சிட்டு எடுக்கலாமா?' என்று நான் கேட்டால் சண்டை.

கல்வராயன் மலைக்குக்கூடப் போனோம். வெள்ளிமலையிலிருந்து உள்ளே நடந்துபோகிற ஊர். காட்டுப்பன்றியை விரட்டி மரவள்ளிக் கொல்லையைக் காக்கிற நாயாம். எங்களைப் பார்த்ததும் தானியக் குதிருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அஞ்சலை புடவையோடு தரையில் படுத்துக்கொண்டு, அந்த இருட்டுக்குள் பார்த்துக் கால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள்? "ஏண்டா பயப்படற, எங்க வூட்டுக்காரருக்கே ஒன்னைப் பாத்தா பயம்தான்" என்று. நாய் வெளியே வந்துவிட்டது. நிஜத்தில் எனக்குப் பயம்தான்.

நான் பட்டனை அமுக்குகிறவன். படம் எடுத்தது அவள். இதை அவளிடம் ஒருநாளாவது சொன்னேனா? இல்லை.

போன பங்குனியில் மஞ்சள் காமாலை. பதினோரு நாள். அதற்கு மேல் எழுத வரவில்லை.

அத்தை வந்துபோன அன்று, நெகட்டிவ் கவர் அத்தனையையும் இறக்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாடு, மாடு, ஆடு, நாய், கிளி, மறுபடி மாடு. ஒன்றில்கூட அவள் இல்லை. எப்படி இருப்பாள்? எப்போதும் கேமரா பக்கம் அல்லவா நின்றாள்! அத்தனை மிருகமும் லென்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி, அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

'உன்னை ஒரு படம் எடுக்கிறேன் வா' என்றால், "ரோலு வேஸ்ட்டு மாமா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். நானும் சரி என்றுவிடுவேன். ஸ்டுடியோக்காரன் பெண்டாட்டிக்குப் படம் எடுக்க நாளா பார்க்க வேண்டும்?

வியாழக்கிழமை கச்சிராயபாளையம் போய் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்ல அத்த."

"அந்தக் கறுப்புத் துண்டுங்கள பாத்தீங்களா?" என்றார்.

"எந்தத் துண்டு?"

"கெரகணம் வந்தா சூரியன அது வழியா பாருங்கன்னு, வர்றப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கொண்டாந்து குடுப்பாளே. எங்க தெருவுக்கே பங்கு போட்டு வச்சிருக்கிறேன்."

"அதெல்லாம் எடுத்துகினு வாங்க அத்த" என்றேன்.

கேமராவில் புது ரோல் மாட்டினால் முதல் துண்டு வெளிச்சம் பட்டுப் பாழாகிவிடும். அதைத் தள்ளிவிட இரண்டு, மூன்று கிளிக் சும்மா அடிப்போம். எந்தப் பக்கம் பார்த்து அடிக்கிறோம் என்று யார் கவனிக்கிறார்கள்? கழுவி முடித்ததும் அந்த நுனியை வெட்டிக் குப்பையில் போடுவேன். பார்த்ததே இல்லை. அவள் பொறுக்கி எடுத்து அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

வெயிலில் ரோல் மாட்டும்போது கேமராவுக்கு நிழல் வேண்டும். முந்தானையை விரித்து எனக்கு எதிரே நின்று நிழல் கொடுப்பவள் யார்?

அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினார். எழுபது, எண்பது துண்டு. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தேன். பாதி கரிக்கட்டை. மீதியில்... முந்தானை. வளையல் போட்ட கை. கிட்டத்தில் நின்றதால் மங்கிப்போன தாடை. மறுபடி முந்தானை. இத்தனை நாள் நான் வெட்டி எறிந்தது எல்லாம் அவள்!

கடைசியில் ஒன்று கிடைத்தது. நிழல் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப் போயிருக்கிறாள். முகம் தெளிவு. கண் திறந்திருக்கிறது — நன்றாக, பெரிதாக. பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறாள். உதடு குவிந்திருக்கிறது. நெகட்டிவில் இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

நேற்று அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஓரத்தில் இருந்த வெளிச்சக் கறையோடு அப்படியே சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை கேட்டது இது இல்லையே? படத்தில் இருப்பவள் அவரைப் பார்க்கவில்லையே?

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்மே, சாமிப் படத்துக்கு யாராவது வாய இப்படி வைப்பாங்களா? ஒன்னைக்கூடப் பாக்கல. எங்கியோ பாத்துகினு இருக்கிறா!"

அத்தை புடவைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார்.

"வேலையா இருக்கிறாடி. மாடு திரும்பட்டும்... அப்புறம் என்னைப் பாப்பா."

கேமரா வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: அந்த முதல் இரண்டு கிளிக்கை அடிக்கும்போது, எதிரே யார் நிற்கிறார்கள் என்று தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.