கடைசிக் கரும்பு வண்டி

நேற்று எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. குடியிருப்புப் பகுதியில் தீபாவளியன்று காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் பட்டாசு வெடிக்கலாமாம். கைக்குழந்தைக்காரியான எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நானோ, அந்த ஒரு மணி நேரம் பாப்பாவை எந்த அறையில் படுக்கவைப்பது, ஜன்னலை மூடினால் மூச்சு முட்டுமோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம் நான்.

அதற்குள் யாரோ ஒரு சரத்தைக் கொளுத்திப் பார்த்தார்கள். வெடிமருந்து வாசனை வந்தாலே எனக்கு ஈரக் கரும்புத் தோகை வாசனையும் கூட வரும்.

தொண்ணூறுகளில், நான் வளர்ந்த பாலக்கோட்டில், சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளின் வரிசை எங்கள் தெருவரை நீளும். வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். நாங்கள் பின்னாலிருந்து கரும்பை உருவுவோம். அவர்கள் பார்க்காதது மாதிரி இருப்பார்கள். மாடு மிரளும் என்பதால் வண்டி நிற்கும்போது வெடி வைக்கக் கூடாது. தெருவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. முதலில் ஒருவர் முனைப் புளியமரத்தைத் தாண்டிப்போய்ப் பார்த்துவிட்டு, வண்டி இல்லையென்றால் கையைத் தூக்க வேண்டும்.

ஒரு தீபாவளிக் காலையில் அக்கா என்னை அனுப்பினாள்.

"கிளாஸ் லீடரம்மா, போய்ப் பாத்துட்டு வாங்க. உங்கள வுட்டா பொறுப்பான ஆளு ஏது?"

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரே சேறு. எனக்கோ புதுப் பாவாடை. மணிச் சத்தம் கேட்கவில்லை. படுத்திருக்கிற மாட்டுக்கு மணி ஏன் அடிக்கும் என்று தோன்றவில்லை. போகலாமா வேண்டாமா என்று நின்றேன். பிறகு, நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கினேன்.

அக்கா பற்றவைத்த அணுகுண்டு வெடித்ததும் இரண்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடின. மரத்துக்கு அந்தப் பக்கம், முட்டுக்கட்டை நழுவி வரிசையின் கடைசி வண்டி முன்னால் சாய்ந்திருந்தது. அதன் அடியில் கட்டியிருந்த தூளியிலிருந்து குழந்தையை வாரிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள்.

"யாருங்க வெடி வெச்சது? பச்சக் கொழந்த தூங்குதுங்க!"

அப்பா ஓடி வந்தார். "பாக்காம வெச்சது யாரு?"

சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா சொல்லிவிட்டாள்: "நான்தாம்ப்பா. யாரையும் அனுப்பல."

அறை விழுந்தது. ஆண்கள் எல்லோரும் மாடு தேடிப் போனார்கள். மத்தியானம் ஏரிக்கரையிலிருந்து பிடித்து வரும்வரை அந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. போகும்போது என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத கண்ணு. உங்கக்காவத் திட்ட வேணாம்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அக்காவுக்குப் போன் போட்டு, ஒருவழியாகச் சொன்னேன். சிரித்தாள்.

"மரத்தத் தாண்டி நீ போவலன்னு அப்பவே தெரியும்டீ. பாவாடையில ஒரு சொட்டு சேறு இல்ல. அத வுடு, பாப்பா காதுல பஞ்சு வெச்சியா?"

இப்போது கரும்பு டிராக்டரில் போகிறது. ரோட்டை அகலப்படுத்தியதில் புளியமரம் போய்விட்டது. பட்டாசுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். பற்றவைப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வா என்று யாரும் யாரையும் அனுப்புவதில்லை.